பெண்கள் அமைப்புகள், குழு லோன், பட்டா: டெல்டாவிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

நாகை, திருவாரூர் பக்கத்தில் இயங்கும் பெண்கள் அமைப்புகளுக்குக் கணக்கும் ஆவணமும் பார்த்துக் கொடுப்பது என் வேலை. அதனால் என் பதில்கள் காகிதத்தைச் சுற்றியேதான் இருக்கும். பேச்சாளர் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள். எல்லாக் கேள்விக்கும் ஒரே நீளத்தில் பதில் வராது.

மன்னார்குடி: அக்கா, நாங்கள் ஐந்து தோழிகள். பெண் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். டிரஸ்டா, சங்கமா, கம்பெனியா, எதைப் பதிவு செய்யலாம்?

1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கத்துக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஐந்து பேர் என்றதும் எல்லோரும் டிரஸ்ட் பக்கம் தள்ளுவார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் போட்டால் வேலை முடிந்தது. அந்தச் சுலபம்தான் எனக்குப் பயம். பத்திரத்தில் நிறுவனர் ஆயுள்வரை தலைவர், அப்புறம் அவர் கணவர், அப்புறம் மகன் என்று எழுதிவிடுகிறார்கள். வெளியே பெண்கள் முன்னேற்றம் என்று போர்டு, உள்ளே செக்கில் கையெழுத்துப் போடுவது மாமனார். இப்படிப் பல பத்திரங்களைப் படித்திருக்கிறேன்.

சங்கத்தில் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மாவட்டப் பதிவாளருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். தொல்லைதான். ஆனால் அந்தத் தொல்லைதான் உங்களைக் காப்பாற்றும். வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் அம்மாக்களில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏழு ஆகிவிடும். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் எட்டாம் பிரிவுக் கம்பெனி உங்களுக்கு வேண்டாம். ஆடிட்டர் செலவே வகுப்புச் செலவைத் தாண்டிவிடும்.

கும்பகோணம்: 12ஏ, 80ஜி இரண்டும் கட்டாயமா?

இரண்டும் வருமான வரித் துறையில் வாங்கும் பதிவுகள். 12ஏ உங்கள் அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு. 80ஜி உங்களுக்குக் கொடுப்பவருக்கு வரிச்சலுகை. நன்கொடையை நம்பி நடத்துவதாக இருந்தால் இரண்டும் வேண்டும். முதலில் தற்காலிகப் பதிவுதான் கிடைக்கும், காலம் முடிவதற்குள் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள். மீதியை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

பேராவூரணி: டிரஸ்ட் ஆரம்பித்தால் ஃபாரின் பணம் எவ்வளவு வரும்?

வராது, தம்பி. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு கேட்க, அமைப்புக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டில் சொந்தமாகத் திரட்டி 15 லட்சம் ரூபாயாவது உங்கள் நோக்கத்துக்குச் செலவழித்துக் காட்ட வேண்டும். 2020 திருத்தத்துக்கு அப்புறம் பணம் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் உள்ள கணக்கில்தான் வந்து விழும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. அந்தக் கடைசி விதிதான் நம் பக்கத்துச் சின்ன அமைப்புகளை அடித்தது. பெரிய அமைப்பிடமிருந்து கொஞ்சம் வாங்கி ஊருக்குள் வேலை செய்துகொண்டிருந்த பெண்களுக்கு அந்த வழி அடைபட்டுப்போனது.

வேதாரண்யம்: அக்கா, நான்கு பைனான்ஸில் குழு லோன் வாங்கியிருக்கிறேன். இரவு எட்டு மணிக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறார்கள். குழுவில் மற்றவர்களும் திட்டுகிறார்கள். என்ன செய்ய?

முதலில் ஒன்று. நீங்கள் வாங்கியது மகளிர் குழு லோன் இல்லை. மகளிர் சுய உதவிக் குழு என்பது சந்தா கட்டி, அந்தச் சேமிப்பிலிருந்து உறுப்பினர்களுக்குள்ளேயே கடன் கொடுத்து, தீர்மானம் எழுதி, தர மதிப்பீடு முடிந்து வங்கிக்குப் போவது. 1989இல் தர்மபுரியில் தொடங்கி மாநிலம் முழுக்க வந்தது அது. உங்களுடையது பைனான்ஸ் கம்பெனி பத்துப் பேரை உட்காரவைத்து ஒருவருக்கொருவர் ஜாமீன் ஆக்கிய கூட்டம். சேமிப்பு இல்லை, தீர்மான நோட்டு இல்லை, வாரத் தவணை மட்டும் உண்டு. இரண்டையும் ‘குழு’ என்றே ஊரில் சொல்வது கம்பெனிக்குத்தான் லாபம்.

கஜா புயலுக்கு அப்புறம்தான் இது உங்கள் பக்கம் பெருகியது. 2018 நவம்பர் 16 அன்று ஒரே இரவில் தென்னை போயிற்று, கூரை போயிற்று. தென்னை மறுபடி காய்க்க ஆண்டுக்கணக்கில் ஆகும், ஆனால் தவணை வாரா வாரம் வரும். ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்குவது அப்படித்தான் பழகியது.

ரிசர்வ் வங்கி 2022இல் போட்ட விதிகள் உங்களுக்குத் தெரிய வேண்டும். வீட்டின் மாத வருமானத்தில் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக் கூடாது. காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது. கெட்ட வார்த்தை, மிரட்டல், உறவினருக்கு போன் போட்டு மானத்தை வாங்குவது எதுவும் கூடாது. எட்டு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் விதியை மீறுகிறார் என்று அவருக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் வருகிறார்.

நாளை காலையில் நான்கு கடன் அட்டையையும் எடுத்து, வாங்கியது, கட்டியது, மீதி என்று ஒரு தாளில் எழுதுங்கள். கம்பெனியின் புகார் எண் அட்டையிலேயே இருக்கும். அங்கே புகார் சொல்லி, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரத்துக்கு 14448. மிரட்டினால் காவல் நிலையம். கட்டாயக் கடன் வசூலுக்கு எதிராக 2025இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. கடனைக் கட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. தவணையை நீட்டித் தரும்படி எழுதிக் கேளுங்கள். ஐந்தாவது கடன் மட்டும் வாங்காதீர்கள்.

இன்னொன்று. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏடிஎம் கார்டு, ரேஷன் கார்டு எதையும் அடையாளத்துக்கு என்று யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

திருத்துறைப்பூண்டி: எனக்கு மூன்று பைனான்ஸ், ஞாயிற்றுக்கிழமையும் வருகிறார்கள்...

மேலே வேதாரண்யத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். உங்களுக்காகச் சேர்ப்பது: கடன் கொடுக்கும்போதே பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் பணம் பிடித்திருப்பார்கள், பல கடன்களில் கணவரும் அதில் சேர்ந்திருப்பார். கடன் வாங்கியவரோ கணவரோ இறந்த வீட்டில் தவணை கேட்டு வந்தால், முதலில் அந்தச் சான்றிதழைக் கேளுங்கள்.

தஞ்சாவூர்: எங்கள் சங்கத்தின் சார்பில் மகளிர் தினத்துக்கு 20 தையல் மெஷின் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். நல்ல அமைப்பைச் சொல்லுங்கள், மேடம்.

தையல் மெஷின் வேண்டாம், ஐயா. ஒரு தெருவில் ஏற்கெனவே நான்கு பேர் தைக்கிறார்கள். ஐந்தாவது மெஷின் வந்தால் ஜாக்கெட் கூலி இறங்கும், அவ்வளவுதான். துணி ஆர்டர் யார் கொடுப்பார்கள் என்று கேட்காமல் மெஷின் கொடுப்பது போட்டோவுக்கு மட்டும் நல்லது. அந்தப் பணத்தில் இரண்டு சின்னப் பெண்கள் அமைப்புகளுக்கு ஆடிட்டர் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் கணக்கு முடிக்காததால் பதிவு போன அமைப்புகள்தான் நம் பக்கம் அதிகம். ஆடிட்டர் கட்டணத்துக்கு யாரும் நன்கொடை தருவதில்லை.

கீழ்வேளூர், கல்லூரி மாணவி: கீழ்வெண்மணிக்கு அப்புறம் பெண்கள் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தார்களாமே? அதைப் பற்றிச் சொல்லுங்கள் அக்கா.

இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

1968 டிசம்பர் 25 இரவு. நெல் கூலி தகராறு. கீழ்வெண்மணியில் குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 தலித் கூலிக் குடும்பத்தாரை மிராசுதாரின் ஆட்கள் உள்ளே வைத்து எரித்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நிலமுள்ளவர்களிடம் நிலத்தைத் தானமாகக் கேட்ட பூதான இயக்கத்தில் வினோபா பாவேயோடு நடந்த கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதி அதற்கப்புறம் தஞ்சைப் பக்கம் வந்து தங்கிவிட்டார்கள். 1981இல் லாஃப்டி என்று ஓர் அமைப்பு தொடங்கினார்கள், உழுபவர் நில விடுதலை இயக்கம். மிராசுதாரிடம் பேசி விலை முடித்து, வங்கிக் கடனும் ஏற்பாடு செய்து, நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு ஏக்கர் கணக்கில் வாங்கிக் கொடுப்பது வேலை. பத்திரம் பெண் பெயரில். ஆண் பெயரில் இருந்தால் கடனுக்கும் குடிக்கும் நிலம் போய்விடும் என்றுதான் ஊரில் இதற்குக் காரணம் சொல்வார்கள். 2008இல் அவர்களுக்கு ரைட் லைவ்லிஹுட் விருது, 2020இல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூஷண். இறால் பண்ணைகளுக்கு எதிராக ஜெகந்நாதன் போட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதுவும் இதே கரை மண்ணுக்கான சண்டைதான்.

நீடாமங்கலம், விவசாயி: பெயரில் இருந்து என்னம்மா? விதை நெல்லிலிருந்து அறுப்பு மெஷின்வரை பார்ப்பது ஆம்பளை. இப்போது பெண் பெயரில் போட்டால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது என்று எல்லோரும் பெண்டாட்டி பெயரில் போடுகிறார்கள். அதனால் அவள் முதலாளி ஆகிவிட்டாளா?

ஆகவில்லை, அண்ணே. ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் யாருக்கு? சிட்டா, அடங்கல் என்ற நில, சாகுபடிப் பதிவுகள் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டால் பணம் யார் கணக்கில்? பயிர்க் காப்பீடு, வெள்ள நிவாரணம் எல்லாம் யார் கணக்கில்? நீங்கள் வரப்பில் நிற்பவரைப் பார்க்கிறீர்கள், நான் பாஸ்புக்கைப் பார்க்கிறேன். அப்புறம், நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு மூன்றையும் உங்கள் பட்டியலில் விட்டுவிட்டீர்களே, அதை யார் பார்த்தார்கள்?

நீடாமங்கலம்: நடவும் இப்போது மெஷின்தான். ஏடிஎம் கார்டு யார் சட்டைப் பையில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

பார்க்கிறேன். அதனால்தான் கார்டை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று மேலே எழுதினேன். யாரிடமும் என்றால் கணவரிடமும்தான். பெயர் இருந்தால் கார்டைத் திரும்பக் கேட்கலாம். பெயரே இல்லாதவள் எதைக் கேட்பாள்?

திருவையாறு: நீங்கள் இருவரும் பட்டாக்காரர் கதை பேசுகிறீர்கள். நான் மடத்து நிலத்தில் குத்தகை. அவர் இறந்த பிறகு நான்தான் நடத்துகிறேன். நிவாரணம் வந்தால் என் பெயர் எங்கும் இல்லை.

இதுதான் சரியான கேள்வி. டெல்டாவில் கோயில், மட நிலம் ஏராளம், குத்தகைப் பதிவு இன்னும் இறந்த கணவர் பெயரிலேயே இருக்கும். 1969இல் வந்த குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின் கீழ் உங்கள் பெயரைச் சேர்க்க மனுக் கொடுங்கள். வாரிசுச் சான்று, பழைய குத்தகை ரசீது, கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிச் சான்று மூன்றும் கையில் இருக்கட்டும். இனிமேல் குத்தகை நெல் அளக்கும்போது ரசீதில் உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள். ‘அன்னாரது மனைவி’ என்று மட்டும் எழுதினால் வாங்காதீர்கள்.

நீடாமங்கலம்: அந்தச் சட்டப்படி பதிந்துவிட்டால் நிலத்துக்காரன் அடுத்த தடவை பொம்பளைக்குக் குத்தகையே கொடுக்க மாட்டான்.

வாய்மொழிக் குத்தகையில் அந்தப் பயம் உண்மைதான். மட நிலத்தில் ஏற்கெனவே பதிவு இருக்கிறது, பெயரைத்தான் மாற்றுகிறோம். இதற்கு மேல் இந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் அண்ணே, பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

ஒரத்தநாடு, ஆசிரியை: என் மாணவி, பத்தாவது. அடுத்த வாரம் கல்யாணம் என்கிறாள்...

குழந்தைகள் உதவி எண் 1098. இப்போதே. வீட்டில் முதலில் பேசிப் பார்க்கிறேன் என்று போகாதீர்கள், தேதியை முன்னால் இழுத்துவிடுவார்கள். மாவட்டச் சமூக நல அலுவலருக்கும் சொல்லுங்கள். திருமணத்துக்கு நீதிமன்றத் தடையும் வாங்க முடியும். அவள் பெயரையும் பள்ளியையும் இங்கே எழுதாததற்கு நன்றி. நிறுத்தியதோடு விட்டுவிடாமல் ப்ளஸ் டூ முடிக்கவையுங்கள். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவளாக இருந்தால் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் வரும். அந்தத் திட்டத்தின் முழுப் பெயரில் இருக்கும் ராமாமிர்தம் அம்மையாரின் மூவலூர் நம் மயிலாடுதுறைப் பக்கம்தான், பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

பாபநாசம்: ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்கு என் வீட்டிலேயே இல்லம் தொடங்க ஆசை.

வேண்டாம். 2015 சிறார் நீதிச் சட்டத்தில் பதிவு இல்லாமல் குழந்தைகளை வைத்திருப்பது குற்றம். பெண்கள் விடுதி என்று பெயர் மாற்றினாலும் 2014ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி ஆட்சியரிடம் உரிமம் வேண்டும். மாலை வகுப்பு நடத்துங்கள், மன்னார்குடித் தோழிகளிடம் பேசுங்கள்.

முத்துப்பேட்டை: அக்கா பைனான்ஸ் தொல்லை...

வேதாரண்யம். மேலே.

பட்டுக்கோட்டை: ஒரு டிரஸ்டில் 2,000 ரூபாய் கட்டினால் 1 லட்சம் லோன், பாதி மானியம் என்கிறார்கள்.

கட்டாதீர்கள். கடன் கொடுப்பவர் முதலில் உங்களிடம் பணம் கேட்டால் அவர் கடன் கொடுப்பவர் இல்லை. கட்டியாயிற்று என்றால் ரசீதோடு காவல் நிலையம் போங்கள்.

ஊர் சொல்ல விரும்பவில்லை: நான் ஒரு பெண்கள் அமைப்பில்தான் வேலை செய்கிறேன். ஒருங்கிணைப்பாளர் தவறாக நடக்கிறார். வெளியே சொன்னால் அமைப்பின் பெயர் கெடும் என்கிறார்கள்.

கெடட்டும். வேலையிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தொண்டு நிறுவனத்துக்கும் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். இல்லையென்றாலும், ஆட்கள் குறைவென்றாலும் மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். தேதிகளை இன்றே எழுதி வையுங்கள், குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். பேச ஆள் வேண்டுமென்றால் பெண்கள் உதவி எண் 181.

மயிலாடுதுறை: எங்கள் மகளிர் குழுவில் ஊக்குநர் பத்து வருடமாக ஒருவரேதான். பாஸ்புக் கேட்டால் வங்கியில் இருக்கிறது என்கிறார்.

பாஸ்புக் வங்கியில் இருக்காது. குழுவைக் கூட்டி, கணக்கு விவரம் கேட்பதாகவும் கையெழுத்திடுபவர்களை மாற்றுவதாகவும் தீர்மானம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். தீர்மான நோட்டும் அவரிடமே இருந்தால் புது நோட்டில் எழுதுங்கள், தவறில்லை. அதன் நகலோடு வங்கிக்குப் போய்க் கடந்த மூன்று ஆண்டுக் கணக்கு அறிக்கையைக் கேளுங்கள். மறுத்தால் ஒன்றியத்தில் மகளிர் திட்ட அலுவலகம். தனியாகப் போகாதீர்கள், பாதிப் பேராவது சேர்ந்து போங்கள். திங்கட்கிழமை வேண்டாம், அன்றைக்குக் கூட்டமாக இருக்கும். செவ்வாய் காலையில் போங்கள்.