டிக்கெட்டில் ஏழு மணி நேரம், வானில் நாலு

கேள்வி: திருச்சியில் இரவு 11.30-க்குக் கிளம்பும் விமானம் சிங்கப்பூரில் காலை 6.20-க்கு இறங்குகிறது. திரும்பும்போது அங்கே இரவு 8 மணிக்கு ஏறினால் 9.40-க்குத் திருச்சி. ஒரே தூரத்துக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்? (வாசகர், காரைக்குடி)

பதில்: டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம். சிங்கப்பூர் நம்மைவிட 2.30 மணி நேரம் முந்தி ஓடுகிறது, கோலாலம்பூரும் அப்படியே. போகும்போது 6.50-இல் அதைக் கழியுங்கள்: 4.20. வரும்போது 1.40-உடன் கூட்டுங்கள்: 4.10.

இதுவும் முழுக்கப் பறக்கும் நேரம் அல்ல. நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரை எல்லாம் இதில் அடக்கம். நேர் தூரம் சுமார் 2,980 கி.மீ. இந்தத் தடத்தில் ஓடும் சிறிய ஜெட்கள் உயரத்தில் மணிக்கு 830 கி.மீ. போகும். வகுத்தால் 3 மணி 35 நிமிடம். ஏற்றம், இறக்கம், ஓடுதளத்தில் ஊர்வது, தாமதத்துக்கான ஒதுக்கீடு என 35 முதல் 45 நிமிடம் சேர்த்தால் கணக்கு நேராகும்.

கேள்வி: தூரத்தை நாமே கணக்கிட வழி உண்டா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: பள்ளிக் கணக்கு போதும். இரு ஊர்களின் அட்சரேகை சைன்களைப் பெருக்குங்கள். இரு கொசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்கி அதோடு கூட்டுங்கள். வரும் எண் எந்தக் கோணத்தின் கொசைன் என்று பார்த்து 111.2-ஆல் பெருக்கினால் கி.மீ. திருச்சியின் அட்சரேகை 10.77, தீர்க்கரேகை 78.71; சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு 1.36, 103.99. கோணம் 26.8 பாகை. கால்குலேட்டர் பாகையில் இருக்கட்டும். ரேடியனில் இருந்தால் விடை தாறுமாறாக வரும்.

கேள்வி: பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு வட துருவம் வழியாகப் போவார்களாமே? சுற்று அல்லவா? (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: சுவர் வரைபடம் செய்யும் மாயம் அது. பூமி உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் வெகு வடக்கே ஏறி, ஆர்க்டிக் பகுதி வழியாகத்தான் போகும். நேர் தூரம் ஏறக்குறைய 14,000 கி.மீ. 2021 ஜனவரியில் பெண் விமானிகள் மட்டுமே கொண்ட ஏர் இந்தியா குழு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்குத் துருவத்தின் மேலாகவே வந்தது. ஆனால் குறுகிய வழிதான் விரைவு என்று சொல்லிவிட முடியாது. நடு அட்சரேகைகளில் உயரத்துக் காற்று மேற்கிலிருந்து வீசும், குளிர்காலத்தில் இன்னும் பலமாக. அதனால்தான் சென்னையிலிருந்து லண்டனுக்கு (8,230 கி.மீ.) போவதைவிட வருவது விரைவு. நம் தென்னாட்டு வானில் இது தலைகீழ்: ஆடி, ஆவணியில் உயரத்துக் காற்று கிழக்கிலிருந்து வரும். சிங்கப்பூரிலிருந்து திரும்புவோருக்கு அது பின்காற்று.

கேள்வி: டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00.30 என்று இருக்கிறது. வீட்டிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும்? (வாசகர், பள்ளத்தூர்)

பதில்: 14-ஆம் தேதி இரவு. 15 இரவு போய் நின்று டிக்கெட்டை இழப்பவர்கள் நிறைய. மூன்று மணி நேரம் முன்னதாகத் திருச்சியில் இருக்க வேண்டும். சாலைக்கு இரண்டு மணி நேரம் வைத்து மாலை 7.30-க்குள் புறப்படுங்கள்.