அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாததும் ஒரு வசதிதான்

வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் ஊர்ப்பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துப் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். கும்பகோணத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் அறிவியல் பிரிவு, ஆங்கிலவழியில் இடம் கிடைத்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு டியூஷன் வைக்கலாமா, பேசாமல் தனியார் பள்ளியிலேயே சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், "இங்கிலீசு ஒரு எழுத்து தெரியாத வீட்டுல இருந்து போற பிள்ளை தாக்குப் பிடிக்குமா?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் உங்களைத் தூங்கவிடாத கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

தனியார் பள்ளி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். அந்தப் பள்ளிகள் மோசம் என்று சொல்லவில்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது விரிந்தது. இன்று நர்சிங் என்கிற பெண், பிளஸ் டூ முடிக்கும்போது டாக்டர் என்பாள், கால்நடை மருத்துவம் என்பாள். பதினைந்து வயதில் சொன்னதையே பதினேழிலும் சொல்லும் பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. கல்லூரிக்குப் போனபின் மாதம் ஆயிரம் ரூபாய் வரும் புதுமைப் பெண் திட்டமும் இதே கணக்கைத்தான் பார்க்கிறது. ஐந்து வருடம் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, கடைசி இரண்டு வருடத்துக்காக இத்தனையையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. அதை ஊரில் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழக அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. 2020-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அந்த வேலைக்குக் கேட்கும் கல்வித்தகுதி எதுவோ, அதுவரை முழுவதும் தமிழ்வழியிலேயே படித்திருக்க வேண்டும். உங்கள் மகள் பிளஸ் ஒன்னில் ஆங்கிலவழிக்கு மாறினால், பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கேட்கும் குரூப் 4 போன்ற வேலைகளில் அந்த முன்னுரிமை அப்படியே இருக்கும். பட்டப்படிப்பு கேட்கும் வேலைகளில் போய்விடும். அவள் கனவு குரூப் 2 என்றால் தமிழ்வழியிலேயே இருக்கச் சொல்லியிருப்பேன். நர்சிங், மருத்துவம் என்றால் கல்லூரியில் புத்தகம் ஆங்கிலத்தில்தான். அந்த மாற்றத்தை எப்படியும் ஒருநாள் சந்தித்தாக வேண்டும். பதினெட்டு வயதில் விடுதியில் தனியாக உட்கார்ந்து சந்திப்பதைவிட, இப்போது நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே சந்திக்கட்டும்.

இனி டியூஷன். வைக்கலாம். ஆனால் எதற்காக வைக்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையனை என்னிடம் அழைத்து வந்தார்கள். பத்தாம் வகுப்பில் அறிவியலில் தொண்ணூறுக்கு மேல் எடுத்தவன், பிளஸ் ஒன் முதல் தேர்வில் இயற்பியலில் பாதித் தாளை வெறுமையாக விட்டுவிட்டு வந்திருந்தான். வினாத்தாளை வைத்து ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டேன். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். உந்தம் என்றால் என்ன என்று கேட்டால் சொல்கிறான். வினாத்தாளில் மொமெண்டம் என்று இருந்ததுதான் சிக்கல். அவனுக்கு இயற்பியல் தெரியும், இயற்பியலின் பெயர்கள்தான் மாறிப்போயிருந்தன. இத்தனைக்கும் அவன் ஐந்து மாதமாக ஆங்கில டியூஷன் போய்க்கொண்டிருந்தான். அங்கே ஆங்கிலத் தாளுக்கான கட்டுரையையும் செய்யுள் பதில்களையும் சொல்லச் சொல்ல எழுதி, மனப்பாடம் செய்து ஒப்பித்துக்கொண்டிருந்தான். அந்தத் தாளில் மதிப்பெண் வந்தது. மற்ற நான்கு பாடங்களைப் படிக்க அது துளியும் உதவவில்லை.

ஆகவே டியூஷன் சொல்லித்தரும் அக்காவிடமோ சாரிடமோ நீங்கள் தைரியமாகக் கேட்க வேண்டியது இதுதான்: "என் மக இயற்பியல் புத்தகத்தையும் உயிரியல் புத்தகத்தையும் தானா படிச்சுப் புரிஞ்சுக்கணும். அதுக்குத் தேவையான இங்கிலீசைச் சொல்லிக் கொடுப்பீங்களா?" முப்பது நாளில் சரளமாகப் பேச வைக்கிறோம் என்பவர்கள் இப்போதைக்குத் தேவையில்லை. பேச்சு பின்னால் வரும்.

தேவையானது என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். முதலில் சொற்கள். சவ்வூடு பரவல் என்று அவள் படித்ததுதான் ஆஸ்மோசிஸ், திசைவேகம்தான் வெலாசிட்டி, எதிர்த்தகவுதான் இன்வெர்ஸ்லி ப்ரொபோர்ஷனல். தண்ணீரில் போட்ட உலர்திராட்சை ஏன் உப்புகிறது என்பது அவளுக்குத் தெரியும். ஆஸ்மோசிஸ் என்ற சொல்லின்மேல் அந்தத் திராட்சையை ஏற்றிவிட்டால் போதும். பாடத்திட்டம் ஒன்றுதான் என்பதால் தமிழ்வழிப் புத்தகத்தையும் ஆங்கிலவழிப் புத்தகத்தையும் பக்கத்துப் பக்கமாக விரித்துவைத்துப் படிக்கலாம். இரண்டையும் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தமிழ்வழிப் புத்தகம் முன்பு படித்த அக்காக்களிடம் பழையதாகவும் கிடைக்கும்.

அடுத்தது வாக்கியம். நம் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் சொல்லில் இல்லை, நீளமான வாக்கியத்தில். தமிழில் வினை கடைசியில் வந்து எல்லாவற்றையும் முடித்து வைக்கும். ஆங்கிலத்தில் அது நடுவிலேயே வந்துவிட்டு, அதன் பின்னால் விச், வேர், வென் என்று வால் நீண்டுகொண்டே போகும். முதலில் வினையைத் தேடிப் பிடி, பிறகு யார், எதை என்று கேள் என்று பழக்கும் ஆசிரியர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மூன்றாவது, கேள்வியின் முதல் சொல். டிஃபைன் என்றால் வரையறு, டெரைவ் என்றால் தருவி, டிஸ்டிங்விஷ் என்றால் வேறுபடுத்து. இப்படிப் பத்துப் பதினைந்து சொற்கள்தான். ஒரே வாரத்தில் கற்றுவிடலாம். வருடம் முழுக்க மதிப்பெண்ணைக் காப்பாற்றும்.

இலக்கணம்? தேவைக்கு ஏற்ப. உச்சரிப்பு? விடுங்கள்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாததை ஒரு குறையாக எழுதியிருந்தீர்கள். நான் அதை ஒரு வசதியாகப் பார்க்கிறேன். தினமும் இரவு சாப்பிட்ட பிறகு, அன்று நடந்த பாடத்திலிருந்து ஒரே ஒரு பத்தியை உங்கள் மகள் ஆங்கிலத்தில் வாசிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். ஆங்கிலம் தெரிந்த அப்பா என்றால் பாதி சொன்னதுமே "சரி சரி, தெரியும்" என்று விட்டுவிடுவார். உங்களிடம் அது நடக்காது. உங்களுக்கு விளங்கும்வரை அவள் சொல்லியாக வேண்டும். "இந்த எடம் புரியலடி" என்று நீங்கள் சொல்லும் இடத்தில்தான் அவளுக்கும் புரிந்திருக்காது. அவள் திரும்பப் புத்தகத்தைத் திறப்பாள். அந்த இடத்துக்கு ஒரு பென்சில் கோடு. மறுநாள் டியூஷனில் அந்தக் கோட்டிலிருந்துதான் பாடம் தொடங்க வேண்டும். பதினைந்து நிமிட வேலை. டியூஷன் உருப்படியாக நடக்கிறதா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்: ஆடி மாதம் பத்துக் கோடு விழுந்த பக்கத்தில், காலாண்டுத் தேர்வுக்குள் இரண்டு மூன்றாகக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள், தயங்க வேண்டாம்.

காலக் கணக்கும் முக்கியம். நம் பக்கத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் தடையில்லாத நாட்கள். ஐப்பசி, கார்த்திகை வந்தால் மழை விடுமுறை, கரண்ட் போவது, பஸ் வராதது எல்லாம் சேர்ந்துகொள்ளும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எத்தனை நாள் பள்ளி நின்றது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் இந்த நான்கு மாதம் ஆங்கிலத்துக்கு வாரம் மூன்று நாள் போகட்டும். மழைக்குப் பிறகு ஒருநாள் போதும், அல்லது நிறுத்தியும் விடலாம். தினமும் ஒரு டியூஷன், நான்கு பாடத்துக்கும் நான்கு டியூஷன் என்று அடுக்காதீர்கள். நட்ட மறுநாளே யாரும் யூரியாவைக் கொட்டுவதில்லையே. முதல் சில வாரம் அவள் சோர்ந்துதான் தெரிவாள். "ஒண்ணும் புரியல, தமிழ் மீடியத்துக்கே போயிடுறேன்" என்று ஒருநாள் அழவும் செய்வாள். அன்றைக்கே முடிவெடுக்காமல் காலாண்டுத் தேர்வுவரை பொறுங்கள். அதற்குப் பிறகும் தாள் வெறுமையாகவே வந்தால் எனக்கு எழுதுங்கள், என்ன செய்வது என்று பள்ளியில் பேசிப் பார்ப்போம்.

பள்ளி ஆசிரியரிடமே வீட்டில் டியூஷன் வைக்கலாமா என்றும் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 28-ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். ஊரிலேயே ஆங்கில இலக்கியமோ அறிவியலோ படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பெண் யாராவது இருந்தால் அதுதான் எனக்குப் பிடித்த ஏற்பாடு. கும்பகோணத்தில் டியூஷன் முடித்துக் கடைசி டவுன் பஸ்ஸுக்கு ஓடும் பிள்ளை வீட்டுக்கு வந்து என்ன படிக்கும்?

ஆற்றுப் பாசனத்து ஊர்க்காரர்களுக்கு ஆங்கிலம் ஒட்டாது என்று உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 1869-ல் உங்கள் வலங்கைமானில் பிறந்து, கும்பகோணத்தில் படித்த அரசியல் தலைவர் சீனிவாச சாஸ்திரியின் ஆங்கிலப் பேச்சைக் கேட்ட வெள்ளைக்காரர்களே அவருக்கு வெள்ளி நாக்கு என்று பெயர் வைத்தார்கள். அந்த உறவினர் அடுத்த முறை வரும்போது சொல்லுங்கள்.

மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பழைய பள்ளிக்குப் போகும்போது, முன்பு சொன்ன 20 விழுக்காடு முன்னுரிமைக்காக, முதல் வகுப்பிலிருந்து பத்துவரை தமிழ்வழியில் படித்ததற்கான சான்றையும் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். ஐந்தாம் வகுப்புவரை வேறு பள்ளி என்றால் அங்கேயும் தனியாக வாங்க வேண்டியிருக்கும். இரண்டிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபார்த்துவிட்டு வாருங்கள்.