புருவ முடி பாதியில் அறுந்தால் எந்த ட்வீசர் வாங்குவது?

சாய்வு முனை கொண்ட, துருப்பிடிக்காத எஃகு ட்வீசரை வாங்குங்கள். நீங்கள் இப்போது வைத்திருப்பது கூர்முனை ட்வீசர் என்றால், புருவ முடி வேரோடு வராமல் பாதியில் அறுந்துபோவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும். அந்தக் காலத்து முள்வாங்கியைப் போல, முள்ளையும் சிராயையும் எடுக்கத்தான் கூர்முனை உகந்தது. முடியைப் பற்றுவதற்குப் பதிலாக அது எளிதில் நறுக்கிவிடும்.

வாங்கும்போதே சோதித்துவிடலாம். முனைகளை மெதுவாகச் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சாய்வின் முழு நீளத்திலும் இடைவெளி தெரியக் கூடாது. பிறகு ஒற்றைத் தையல் நூலை மேசையில் கிடத்தி எடுத்துப் பாருங்கள். சற்று அழுத்தியதும் முனை விரிந்து நூலை நழுவவிடும் ட்வீசரை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

புதிய ட்வீசரிலும் முடி அறுந்தால் குறை பெரும்பாலும் இழுக்கும் முறையில்தான் இருக்கும்: குளித்த பின், மறு கையால் தோலை விறைப்பாகப் பிடித்து, வேருக்கு அருகில் பற்றி, முடி வளரும் திசையிலேயே இழுங்கள்.

தோலுக்குள் புதைந்து வளரும் முடியை மட்டும் தோண்டி எடுக்காதீர்கள். அங்கே சீழ் கட்டியிருந்தாலோ, உங்களுக்கு நீரிழிவு இருந்தாலோ, தோல் மருத்துவரிடம் காட்டிவிடுவதே நல்லது.