பைலட் சோதனைக்குக் காசு கேட்கலாமா?

(கல்லூரி ஆய்வகங்களில் பிறந்த தொழில்நுட்ப நிறுவனங்கள் பெரிய கம்பெனிகளோடு சேர்ந்து தொழில் செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். பதில் எழுதுபவர் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் கொள்முதல் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றியவர்.)

கேள்வி: மோட்டார் பேரிங் பழுதாகப்போவதை அதிர்வை வைத்து முன்கூட்டியே சொல்லும் கருவியை எங்கள் கல்லூரி இன்குபேட்டரில் (புதுத்தொழில் வளர்ப்பு மையத்தில்) உருவாக்கியிருக்கிறோம். பெரிய நிறுவனம் ஒன்று, பைலட்டாக, அதாவது முன்னோட்டச் சோதனையாக, ஆறு மாதம் இலவசமாகப் பொருத்திக் காட்டச் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?
– இளம் பொறியாளர், கோவை

இலவசமாக வேண்டாம். சின்னத் தொகையானாலும் வாங்கிக்கொண்டு செய்யுங்கள். கொள்முதல் மேஜையில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் சொல்கிறேன். இலவசமாக வந்த கருவிக்குத் தொழிற்சாலையில் பொறுப்பாளர் என்று யாரும் இருக்க மாட்டார். வைஃபை பாஸ்வேர்டுக்கே அதைக் கொண்டுவந்த பிள்ளைகள் நடையாய் நடப்பார்கள். இந்த ஷட்டவுனில், அதாவது பராமரிப்புக்காக இயந்திரங்களை நிறுத்தும்போது, பொருத்த வேண்டிய சென்சார் அடுத்த ஷட்டவுனுக்குத் தள்ளிப்போகும். அதே கருவிக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு பி.ஓ. (கொள்முதல் ஆணை) போட்டுவிட்டால், அந்தச் செலவுக்குக் கையெழுத்துப் போட்ட மேனேஜர் தானாகவே வந்து விசாரிப்பார்.

உங்களை அழைத்தது யார் என்று பாருங்கள். இன்னோவேஷன் பிரிவு என்றால், நல்ல மனிதர்களாகவே இருப்பார்கள். ஆனால் இரவு ஷிப்டில் மோட்டார் எரிந்தால் போன் வருவது மெயின்டனன்ஸ் மேனேஜருக்குத்தான். அவரைச் சந்திக்காமல் தொடங்காதீர்கள். அவரோடு உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: எத்தனை மோட்டார், எத்தனை வாரம், எது நடந்தால் வெற்றி, வெற்றி என்றால் அடுத்து எத்தனை கருவி, என்ன விலைக்கு. கடைசி வரியை எழுதத்தான் எல்லோரும் தயங்குவார்கள். அதை விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் கேட்பது அதிகப்படி ஆசை ஒன்றும் இல்லை. கார் நிறுவனமான பி.எம்.டபிள்யூ., புதுத்தொழில் நிறுவனங்களுக்காக 2015-இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் கராஜ் என்ற திட்டம் இப்படித்தான் இயங்குகிறது. பங்கு கேட்காமல், தயாரிப்பு முழுதாக முதிராத கட்டத்திலேயே வாடிக்கையாளராக வந்து, ஆர்டர் கொடுத்து வாங்கிச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

அப்புறம் வெண்டார் கோடு, அதாவது அவர்களுக்கு விற்பவராக உங்களைப் பதிவுசெய்யும் எண். மூன்று வருட பேலன்ஸ் ஷீட் கேட்கும் படிவத்தை நீட்டுவார்கள். உங்களிடம் அது எங்கே இருக்கப்போகிறது? விதிவிலக்குக்கு மேலிடத்து ஒப்புதல் வாங்க வாரக்கணக்கில் ஆகும். அதனால் பேச்சு தொடங்கிய அன்றே அந்த வேலையையும் தொடங்கச் சொல்லுங்கள். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவையும் முடித்துவிடுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லையென்றால் 15 நாளிலும் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டுவட்டி. சட்டத்தைக் காட்டி யாரையும் மிரட்டச் சொல்லவில்லை. பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டாலே கணக்குப் பிரிவு புரிந்துகொள்ளும்.

கேள்வி: எங்கள் கல்லூரி பல நிறுவனங்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. போட்டோ எடுத்ததோடு சரி. என்ன செய்வது?
– பேராசிரியர், மதுரை

சென்னை தரமணியில் 2010-இல் தொடங்கிய ஐ.ஐ.டி. மெட்ராஸ் ரிசர்ச் பார்க்கை (ஆராய்ச்சிப் பூங்காவை) ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முன்னின்று உருவாக்கியது. அங்கே இடம் எடுக்கும் நிறுவனம் வாடகை மட்டும் கட்டினால் போதாது, ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து வேலை செய்து கிரெடிட் (புள்ளிகள்) சேர்க்க வேண்டும். கூட்டு ஆராய்ச்சி, மாணவருக்கு இன்டர்ன்ஷிப், தன் ஊழியரை அங்கே மேற்படிப்பில் சேர்ப்பது, எல்லாவற்றுக்கும் கிரெடிட் உண்டு. ஐ.ஐ.டி.யின் இன்குபேஷன் மையமும் அதே வளாகத்தில்தான். பெரிய கம்பெனிக்காரரும் புதுத்தொழில் தொடங்கிய மாணவரும் ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறார்கள்.

உங்களால் அந்த அளவுக்குக் கட்டடம் எழுப்ப முடியாமல் போகலாம். ஆனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது கடமைகளைச் சேர்க்கலாமே. நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் இறுதியாண்டு புராஜெக்டுக்கு இணை வழிகாட்டி. அவர்கள் பிளான்ட்டின் உண்மையான பிரச்சினை ஒன்று, தரவோடு. அவர்கள் ஆட்கள் இருவர் உங்களிடம் பகுதிநேர பிஎச்.டி. இதற்கு ஒப்புக்கொள்ளாத நிறுவனத்தின் கையெழுத்து உங்களுக்குத் தேவையில்லை.

கேள்வி: நாங்கள் பேட்டரி கண்காணிப்பு சர்க்யூட் செய்கிறோம். வாகன நிறுவனம் ஒன்று பங்கும் கேட்கிறது, போட்டியாளர்களுக்கு விற்கவும் கூடாது என்கிறது.
– வாசகர், சென்னை

இரண்டையும் தனித்தனியாகப் பேசுங்கள்.

பங்கு கொடுப்பதில் பயம் வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-இல் தொடங்கிய மின்ஸ்கூட்டர் நிறுவனமான ஏதர் எனர்ஜியில், ஹீரோ மோட்டோகார்ப் 2016-இல் 205 கோடி ரூபாய் முதலீட்டை அறிவித்தது. ஏதரின் ஸ்கூட்டர் விற்பனைக்கு வந்ததே 2018-இல்தான். வண்டி வருவதற்கு முன் வந்த அந்தப் பணத்தின் மதிப்பை நினைத்துப் பாருங்கள். அதே ஹீரோ 2022-இல் விடா என்று சொந்த மின்ஸ்கூட்டரை இறக்கியது. பங்குதாரரே போட்டியாளர்! ஆனாலும் இரண்டு நிறுவனங்களும் வேகச் சார்ஜிங் நிலையங்களைப் பொதுவாக்கிக்கொண்டன. ஏதர் 2025 மே மாதம் பங்குச்சந்தைக்கும் வந்துவிட்டது.

மற்றவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனைதான் ஆபத்து. தவிர்க்கவே முடியாது என்றால் ஒரு வாகன வகைக்கு, ஒரு வருடத்துக்கு மட்டும், குறைந்தபட்ச ஆர்டர் உறுதியோடு கொடுங்கள். ஆர்டர் வராவிட்டால் தடையும் காலாவதியாக வேண்டும். சோதனையின்போது உங்கள் சர்க்யூட்டில் நடக்கும் மேம்பாடுகள் யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதிவிடுங்கள்.

கல்லூரி ஆய்வகத்தில் உருவானதா? அப்படியானால் காப்புரிமை யாருடையது என்று கல்லூரியிடம் கடிதம் வாங்குங்கள். அது இல்லாமல் பெரிய நிறுவனத்தின் சட்டப் பிரிவு கோப்பை நகர்த்தாது. காப்புரிமைக்கு விண்ணப்பமே போடவில்லை என்றால், சர்க்யூட்டைத் திறந்து காட்டுவதற்கு முன் தற்காலிக விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். ஸ்டார்ட்-அப்புக்கு ஆன்லைன் கட்டணம் 1,600 ரூபாய்தான். முழு விவரக்குறிப்பைத் தர 12 மாதம் அவகாசம் உண்டு.