ஒரு கல்லா, நாலு கை: கேஷ் கவுன்டர் கேள்வி பதில்

சேலத்தில் ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட் என்று கேஷ் பிரிவிலேயே காலம் தள்ளியவள் நான். இப்போது சில கடைகளுக்கு இரவுக் கணக்கு சரிபார்த்துக் கொடுக்கிறேன். கவுன்டரில் இருப்பவர்களும், முதலாளி ஒருவரும் கேட்ட கேள்விகள் இவை.

சூப்பர் மார்க்கெட் கேஷியர், ஐந்து ரோடு: அக்கா, எங்கள் கவுன்டரில் இரண்டு பேர் மாறி மாறி உட்காருவோம். லாகின் ஒன்று, டிராயரும் ஒன்று. போன வாரம் 740 ரூபாய் குறைந்தது. ஆளுக்குப் பாதி போடுங்கள் என்கிறார் மேனேஜர். நியாயமா?

நியாயம் இல்லை. இரண்டு பேர் கை வைத்த டிராயரில் பணம் குறைந்தால், யாரிடம் குறைந்தது என்று அந்த ஆண்டவனே வந்தாலும் சொல்ல முடியாது. பாதிப் பாதி என்பது கணக்குத் தீர்ப்பது இல்லை, வாயை அடைப்பது. 370 ரூபாயைக் கட்டிவிட்டு நீங்கள் அந்தப் பெண்ணைச் சந்தேகப்படுவீர்கள், அவள் உங்களைச் சந்தேகப்படுவாள். அடுத்த மாதமும் குறையும், ஏனென்றால் எதுவும் மாறவில்லை.

மேனேஜரிடம் கேட்க வேண்டியது ஆளுக்கொரு ட்ரே. டிராயருக்குள் நோட்டும் சில்லறையும் போடும் அந்தத் தட்டைத் தனியாகத் தூக்கலாம். இன்னொன்று வாங்குவது பெரிய செலவு இல்லை. உங்கள் தட்டு, உங்கள் ஆரம்பச் சில்லறை, உங்கள் லாகின். எழுந்தால் தட்டோடு எழுந்திருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றிவிட வருகிறவரும் தன் தட்டோடுதான் வர வேண்டும். "பத்து நிமிஷம்தானே, என் லாகினிலேயே போடு" என்கிறோமே, அந்தப் பத்து நிமிஷம்தான் ராத்திரி உயிரை எடுக்கும்.

தட்டு வாங்கித் தர மாட்டார்கள் என்றால் கைமாறும்போது எண்ணியே தீர வேண்டும். எக்ஸ் ரிப்போர்ட் எடுங்கள். அதுவரை ஆன விற்பனையைக் காட்டும், கணக்கை மூடாது. (இசட் ரிப்போர்ட் எடுத்தால் கணக்கே முடிந்துவிடும். கை தவறி அதை அழுத்தாதீர்கள்.) 500 எத்தனை, 200 எத்தனை என்று நோட்டு வாரியாக எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். மாலை ஆறு மணிக்கு ஷிப்ட் மாற்றும் கடைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கூட்டம் ஏறுகிற நேரத்தில் யார் எண்ணுவார்கள்? மூன்று மணிக்கு, கடை காற்று வாங்கும்போது மாற்றச் சொல்லுங்கள்.

ஜவுளிக்கடை கேஷியர், கடைவீதி: சொல்லாமல் கொள்ளாமல் சம்பளத்தில் 1,800 ரூபாய் பிடித்துவிட்டார்கள். கேட்டால் மூன்று மாத ஷார்ட் என்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

பிடிக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை, அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் இஷ்டத்துக்குப் பிடிக்க முடியாது. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தில் இதற்கு விதிகள் இருந்தன. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அவை தொடர்கின்றன. அந்தப் பணம் நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டிய பணமாக இருக்க வேண்டும். குறைந்ததற்கு உங்கள் கவனக்குறைவே நேரடிக் காரணமாக இருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். நஷ்டமான தொகைக்கு மேல் பிடிக்கக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது. பழைய சட்டம் மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களுக்குப் பொருந்தாமல் இருந்தது. புதியதில் அந்த வரம்பு இல்லை.

உங்கள் லாகினில் வேறு யாராவது பில் போட்டிருந்தால், உங்களால்தான் குறைந்தது என்று காட்டுவது கடைக்குக் கஷ்டம். ஆகவே எந்தெந்தத் தேதியில் எவ்வளவு குறைந்தது, அன்றைய எண்ணிக்கைச் சீட்டு எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டாலும் சரி, தேதியோடு நிற்கும். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம். எதற்கும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மருந்துக்கடை, அம்மாப்பேட்டை: குறைகிற தொகையைப் பார்த்தே தவறு எங்கே என்று சொல்லிவிடலாமாமே?

ஓரளவு சொல்லலாம். தொகையை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். மீதி வராவிட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு: 540-ஐ 450 என்று எழுதினால் 90 வித்தியாசம், 612-ஐ 621 என்றால் 9. ஸ்கேன் செய்த பில்லில் இது வராது. கையால் தொகை எழுதும் இடங்களில், அதாவது எண்ணிக்கைச் சீட்டிலும் செலவுச் சீட்டிலும் தேடுங்கள். சைபர் விளையாட்டும் ஒன்பதில்தான் அடங்கும். 20 ரூபாய் மீதிக்கு 200 ரூபாய் நோட்டைக் கொடுத்தால் 180 குறையும். இரண்டுமே மஞ்சள் சாயல், அவசரத்தில் கண் ஏமாறும். 50-க்கு 500 போனால் 450.

ஒன்பதில் அடங்கவில்லையா, பாதியாக்குங்கள். 640 குறைகிறது என்றால் 320 ரூபாய் பில்லைத் தேடுங்கள். திரும்பி வந்த மருந்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, ரிட்டர்ன் போடாமல் விற்பனையாகப் போட்டிருந்தால் இரட்டிப்பாகத்தான் குறையும்.

உண்மையைச் சொன்னால், இப்போதெல்லாம் இந்த வித்தைகளுக்கு முன்னால் நான் பார்ப்பது யூபிஐ கணக்கு. வாடிக்கையாளர் போனில் கட்டியிருப்பார், நீங்கள் பில்லை கேஷில் முடித்திருப்பீர்கள். கல்லாவில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு அங்கே கூடியிருக்கும். ஒன்றிரண்டு ரூபாய் என்றால் ரவுண்ட் ஆஃப், சாக்லேட் சமாச்சாரம். அதற்காக ராத்திரி பத்து மணிக்கு பில் கட்டைப் பிரிக்க வேண்டாம்.

பேக்கரி, அஸ்தம்பட்டி: கூடுதலாக வருவதைத் தனியாக எடுத்து வைத்து, குறைகிற நாளில் போட்டுச் சரிக்கட்டுகிறோம். தப்பா?

தப்புதான். அந்தக் கூடுதல் யாரோ ஒரு வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய மீதியாக இருக்கலாம். மறுநாள் அவர் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதோடு, உங்களிடம் 300 கூடி பக்கத்து கவுன்டரில் 300 குறைந்திருந்தால் விடை கண் முன்னால் இருக்கிறது. டப்பாவில் போட்டால் விடை தொலைந்தது. ஒளித்து வைத்த அந்த டப்பா என்றைக்காவது மாட்டினால் உங்களை யாரும் நம்ப மாட்டார்கள். கூடினாலும் குறைந்தாலும் அப்படியே எழுதுங்கள். எல்லா நாளும் ரூபாய் பிசகாமல் டேலி ஆகிற கல்லாவைத்தான் நான் இரண்டு முறை பார்ப்பேன்.

காபித்தூள், மிளகு கடை, ஏற்காடு: மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் கல்லா கட்டுக்குள் நிற்பதில்லை. சிக்னல் போய்விடுகிறது, ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். சில்லறையும் தீர்ந்துவிடுகிறது.

ஸ்கிரீன்ஷாட் பணம் ஆகாது. ஸ்பீக்கர் சொல்ல வேண்டும், அல்லது உங்கள் ஆப்பில் வர வேண்டும். வரவில்லையென்றால் பில்லை நிறுத்தி வையுங்கள், பொருளையும் தராதீர்கள். கூட்டம் முணுமுணுத்தாலும் பரவாயில்லை. வேறு வழியில்லாமல் கொடுத்தால், பரிவர்த்தனை எண்ணையும் போன் நம்பரையும் பில் பின்னால் எழுதி, கேஷில் சேர்க்காமல் "வர வேண்டியது" என்று தனியாக வையுங்கள்.

சில்லறையை வெள்ளிக்கிழமையே சேலத்திலிருந்து எடுத்து வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கியா சில்லறை மாற்றப் போகிறீர்கள்? சொந்தப் பர்ஸிலிருந்து எடுத்து டிராயரில் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். பக்கத்துக் கடையில் 500 கொடுத்து மாற்றினால் வந்த சில்லறையை அங்கேயே எண்ணிவிடுங்கள், கடனாக வாங்கினால் சீட்டு எழுதுங்கள்.

டீக்கடை, ஜங்ஷன்: பத்து ரூபாய் நாணயம் வாங்கலாமா?

வாங்கலாம். 14 வடிவங்கள் வந்திருக்கின்றன, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கியே 2018-இல் சொல்லிவிட்டது.

மளிகைக் கடை கேஷியர், சூரமங்கலம்: வங்கியில் கட்டும்போது ஒரு 500 கள்ள நோட்டு என்று பிடித்துவிட்டார்கள். யார் வாங்கியது என்று தெரியவில்லை. நஷ்டம் யாருக்கு?

வங்கி அதில் முத்திரை குத்தி வைத்துக்கொள்ளும், பணமும் வராது, நோட்டும் திரும்பாது. ஒரே தடவையில் நான்கு வரை என்றால் போலீசுக்கு மாதக் கடைசி அறிக்கையில் போகும். ஐந்து, அதற்கு மேல் என்றால் வழக்கு. யார் வாங்கியது என்று தெரியாத நிலையில் கடைதான் ஏற்க வேண்டும், அது கடையின் ஏற்பாட்டுக் கோளாறு. இனிமேல் 500 வாங்கும்போது சாய்த்துப் பாருங்கள், பச்சை இழை நீலமாக மாறும். ஓரத்துக் கோடுகள் விரலில் தட்டுப்படும். கவுன்டரிலேயே சந்தேகம் வந்தால் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு தெரிந்தால், அதை அடுத்தவர் தலையில் கட்டுவது குற்றம்.

ஜவுளிக்கடை, நான்கு ரோடு: நாள் முழுக்க நின்றுவிட்டு ராத்திரி எண்ணும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு தொகை வருகிறது அக்கா.

வரத்தான் செய்யும். உட்கார்ந்து எண்ணுங்கள். தமிழ்நாட்டில் கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இலேயே சட்டத்தைத் திருத்தியாயிற்று. முதலாளி தரும் சலுகை இல்லை அது. ஷட்டரை இறக்கிய பிறகு, போனைத் தள்ளி வைத்துவிட்டு, பெரிய நோட்டிலிருந்து ஆரம்பியுங்கள். புது நோட்டு ஒட்டிக்கொள்ளும், விசிறிவிட்டு எண்ணுங்கள்.

மொத்தக்கடை முதலாளி, செவ்வாய்ப்பேட்டை: கல்லாவில் நான், பையன், மச்சான், ஒரு கேஷியர். தினமும் ஐந்நூறு, ஆயிரம் குறைகிறது. கேஷியரை மாற்றிவிடலாமா?

ஐயா, மூன்று பேரை விட்டுவிட்டு நாலாவது ஆளை மாற்றி என்ன ஆகப் போகிறது? வண்டிக்கு இறக்குக் கூலி, டீ, கோவில் வசூல், பையனுக்குப் பெட்ரோல், இதெல்லாம் கல்லாவிலிருந்துதானே போகிறது? ஒரு வாரம் சீட்டு இல்லாமல் யாரும் எடுக்கக் கூடாது என்று வையுங்கள், நீங்கள் உட்பட. இந்தச் சில்லறைச் செலவுக்குத் தனி டப்பாவில் பணம் போட்டு, அந்தச் சாவியை மச்சானிடம் கொடுங்கள். கல்லாச் சாவி கேஷியரிடம் மட்டும் இருக்கட்டும்.

இரவில் கம்ப்யூட்டர் காட்டும் தொகையை முதலில் சொல்லாதீர்கள். அவர் எண்ணி எழுதிக் கொடுத்த பிறகு ஒப்பிடுங்கள். தொகை முன்பே தெரிந்தால் எண்ணிக்கை அதை நோக்கித்தான் போகும். பகலில் கல்லா நிறைந்தால், பெரிய நோட்டுகளை எடுத்து, தொகையும் நேரமும் எழுதி இரண்டு பேர் கையெழுத்தோடு பீரோவில் வையுங்கள். அந்த வாரமும் குறைந்தால் சீட்டுக் கட்டோடு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.