பதிவில் கறை இருக்கும் ட்ரக் டிரைவருக்கு நல்ல வேலை கிடைக்குமா?

தம்பி, நீங்கள் எழுதியதை ஆறுதலாக வாசித்தேன். கனடாவின் ஒன்ராறியோவில், ட்ரெய்லர் இழுக்கும் பெரிய ட்ரக்குக்கான ஏ-இசட் லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் மூன்றாவது கொம்பனி. முதல் இடத்தில் பின்னுக்கு எடுக்கும்போது ட்ரெய்லர் டொக்கில் (சாமான் ஏற்றி இறக்கும் மேடையில்) இடித்ததற்காக நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் ஓட்ட நேரம் மீறியதற்கு வழியில் ஒரு டிக்கெட் (அபராதச் சீட்டு). இப்போது இருக்கும் இடத்தில் உங்கள் பெயரில் ஒரு கோப்பரேஷன் (தனிக் கொம்பனி) திறக்கச் சொல்லி, வரி எதுவும் பிடிக்காமல் செக் தருகிறார்கள், காசும் குறைவு. "என்னை நிறுத்தின கொம்பனியின் பெயரை விண்ணப்பத்தில் விட்டுவிடலாமா அண்ணா? நல்ல இடம் எதுவும் இனி என்னை எடுக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுக்கும். பெயரை மட்டும் மறைக்காதீர்கள்.

இங்கே ஒரு டிரைவரை எடுப்பதா விடுவதா என்பதில் ரெக்ரூட்டரின் கையில் இருப்பது கொஞ்சம்தான். உங்கள் பேப்பர்களை சேஃப்டி மனேஜர் பார்ப்பார். அங்கிருந்து அவை பெரும்பாலும் கொம்பனியின் ட்ரக்குகளுக்கு இன்சூரன்ஸ் கொடுப்பவர்களிடம் போகும். எத்தனை வருட அனுபவத்தை எழுத்தில் காட்ட முடிகிறது, எத்தனை டிக்கெட், தன் பிழையில் நடந்த மோதல் எத்தனை என்று அவர்கள் ஒரு அளவு வைத்திருப்பார்கள். அந்த அளவுக்குள் வராத ஆளை, முதலாளிக்கு எவ்வளவு பிடித்தாலும், ட்ரக்கில் ஏற்ற முடியாது. அதனால் போனில் மைலுக்கு எவ்வளவு என்று கேட்க முன்னம், "உங்கள் இன்சூரன்ஸ் எத்தனை வருட அனுபவம் கேட்கிறது? ஒரு டிக்கெட்டும், யார்டுக்குள் ஒரு இடியும் இருந்தால் ஒத்துக்கொள்வார்களா?" என்று நேரே கேளுங்கள். இல்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிடலாம். ஒரு நாள் வேலையை விட்டு ரோட் டெஸ்டுக்குப் போய், பிறகு பதிலே வராமல் மனம் நொந்துகொண்டிருக்கத் தேவையில்லை.

அவர்கள் பார்க்கப்போகும் பேப்பர்களை அவர்களுக்கு முன்னம் நீங்கள் பார்த்துவிட வேண்டும். ஒன்ராறியோ அரசிடம் இரண்டு பதிவுகள் எடுக்கலாம், பலர் ஒன்றோடு நின்றுவிடுகிறார்கள். எல்லா டிரைவர்களுக்கும் உள்ள 3 வருடப் பதிவில் டிக்கெட் தண்டனைகளும் குற்றத்துக்காக ஏறும் டிமெரிட் புள்ளிகளும் இருக்கும். மற்றது சி.வி.ஓ.ஆர் டிரைவர் அப்ஸ்ட்ராக்ட், ட்ரக் போன்ற வணிக வாகனம் ஓட்டுபவர்களுக்கான பதிவு. ட்ரக் ஓடும்போது நடந்த மோதல், டிக்கெட், வழியில் நிறுத்திச் செய்த சோதனை எல்லாம் 5 வருடத்துக்கு அதில் இருக்கும். டிமெரிட் புள்ளிகள் குற்றம் நடந்த நாளிலிருந்து 2 வருடத்தில் போய்விடும். புள்ளி போனதோடு எல்லாம் அழிந்தது என்று நினைத்து "என் பதிவு சுத்தம்" என்று விண்ணப்பத்தில் எழுதியவர்கள் இருக்கிறார்கள். தண்டனை 3 வருடப் பதிவில் இன்னும் நிற்கும், சி.வி.ஓ.ஆரில் அதைவிட நீண்ட காலம் நிற்கும். அதே சி.வி.ஓ.ஆரில் உங்களுக்குச் சாதகமான ஒன்றும் ஏறும்: வழியில் நிறுத்திச் சோதித்துவிட்டுப் பிழை இல்லை என்று அனுப்பிய ஒவ்வொரு தடவையும் அதில் பதிவாகும். பழையதை அழிக்க முடியாது, பக்கத்தில் நல்லதை எழுதிக்கொண்டு போகலாம்.

டொக்கில் இடித்த விஷயம் வேறு. தனியார் யார்டுக்குள், பொலிஸ் வராமல் முடிந்த இடி பெரும்பாலும் இந்த இரண்டு பதிவிலும் இருக்காது, பழைய கொம்பனியின் ஃபைலில்தான் கிடக்கும். அங்கே என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மாகாண எல்லையையோ நாட்டு எல்லையையோ தாண்டி ஓடும் ட்ரக் கொம்பனிகள் மத்திய அரசின் சட்டத்துக்குள் வருகின்றன. பிபெடா என்ற தனியுரிமைச் சட்டப்படி, அப்படியான இடத்தில் வேலை செய்தவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் தகவலை எழுத்தில் கேட்டால், வழக்கமாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பிழை இருந்தால் திருத்தச் சொல்லலாம். ஒரு மின்னஞ்சல் போதும். கோபம் இல்லாமல், தேதிகளோடு, சுருக்கமாக எழுதுங்கள்.

அப்புறம், மத்திய அரசின் சேர்விஸ் கனடா தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய், அந்த வேலை முடிந்ததற்கு கொம்பனி கொடுத்த ஆர்.ஓ.ஈ என்ற வேலைப் பதிவைப் பாருங்கள். வேலை முடிந்த காரணம் அதில் ஒரு எழுத்தாக இருக்கும். 'எம்' என்றால் வேலையிலிருந்து நீக்கியது, 'ஈ' என்றால் நீங்களாக விட்டது, 'ஏ' என்றால் வேலை குறைவு. ஆத்திரத்தில் "இனி வராதே" என்று சொல்லிவிட்டு, பேப்பரில் 'ஏ' போட்டுவிட்ட இடங்களும் உண்டு. எது இருந்தாலும் இடித்ததைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எழுத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பேசுவது வேறு, ஊகத்தில் பயந்துகொண்டு பேசுவது வேறு.

அமெரிக்க ஓட்டத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் மறைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அந்த விண்ணப்பத்தில் 10 வருடம் வரைக்குமான டிரைவர் வேலை விவரம் கேட்பார்கள். கடந்த 3 வருடத்தில் நீங்கள் ஓடிய கொம்பனிகளிடம் விசாரிப்பது புதிய கொம்பனிக்கு அங்கே சட்டக் கடமை. பி.எஸ்.பி என்ற அமெரிக்க அரசுப் பதிவில் 5 வருட மோதல்களும் 3 வருடச் சோதனைகளும் கிடக்கும். நீங்கள் விட்டுவிட்ட கொம்பனியின் ட்ரக்கில் ஒரு தடவை சோதனை நடந்திருந்தால் அந்தக் கொம்பனியின் பெயரும் அதில் வந்து நிற்கும். பழைய கொம்பனி உங்களைப் பற்றிச் சொன்னதைப் பார்க்கவும், பிழையைத் திருத்தக் கேட்கவும், ஒத்துக்கொள்ளாவிட்டால் உங்கள் பக்கத்தை எழுதி இணைக்கவும் அதே சட்டம் உரிமை தருகிறது. இதை நம் ஆட்கள் மிகக் குறைவாகத்தான் பயன்படுத்துகிறார்கள். டொக்கில் இடித்த டிரைவரை எடுக்கும் இடங்கள் நிறைய. பொய் விண்ணப்பம் கொடுத்தவரை ஒரு சேஃப்டி மனேஜரும் விரும்பி எடுக்க மாட்டார். வேலை தொடங்கிப் பல மாதம் கழித்துக் கண்டுபிடித்தாலும் நிறுத்துவார்கள், அது உங்கள் பதிவில் இன்னொரு நிறுத்தம்.

எப்படிச் சொல்வது என்பதுதான் முக்கியம். நீண்ட காலம் நெடுந்தூரம் ஓடிவிட்டு, இப்போது பிரம்டனில் ஒரு கொம்பனியில் புதிதாக வருபவர்களின் ரோட் டெஸ்டில் பக்கத்தில் இருக்கிறேன். போன குளிர்காலம் ஒரு பெடியன் வந்தான். நான் எதுவும் கேட்க முன்னமே ஃபைலைத் திறந்து இரண்டு பதிவையும் மேசையில் வைத்தான். "அண்ணை, ஒரு இடி இருக்கு. இருட்டு, எனக்குப் பழக்கமில்லாத யார்ட், இறங்கிப் பார்க்காமல் எடுத்திட்டன். டொக் ரப்பர் கிழிஞ்சது. அதுக்குப் பிறகு இறங்கிப் பார்க்காமல் நான் பின்னுக்கு எடுக்கிறேல்ல." அவ்வளவுதான் சொன்னான். ஓட்டங்களை ஒதுக்கும் டிஸ்பாட்சர் அவசரப்படுத்தினான், கொம்பனி சரியில்லை என்று ஒரு வார்த்தை இல்லை. யார்டில் பின்னுக்கு எடுக்கச் சொன்னபோது, நான்கு பக்க விளக்கையும் போட்டு, பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினான். ட்ரெய்லரின் வால்வரைக்கும் நடந்துபோய் மேலே கூரை விளிம்பை அண்ணாந்து பார்த்தான், தரையில் பனிக்கட்டி இருந்த இடத்தைக் காலால் தட்டிப் பார்த்தான். பாதி போனதும் மறுபடி நிறுத்தி இறங்கினான். நேரம் எடுத்தது. சேஃப்டி மனேஜர் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றவர், அவன் திரும்பி உள்ளே வர முன்னமே இன்சூரன்ஸுக்கு அனுப்பும் படிவத்தை எடுத்துவிட்டார்.

உங்கள் டிக்கெட்டையும் அப்படியே சொல்லுங்கள். கனடாவில் ஒரு நாளைக்கு 13 மணி நேர ஓட்டம், 14 மணி நேர வேலை என்ற எல்லை உங்களுக்குத் தெரியும். ஓட்ட நேரத்தைத் தானாகப் பதியும் மின்னணு லொக் 2023 ஜனவரியிலிருந்து கட்டாயமாகப் பார்க்கப்படுகிறது, இனி அதில் ஒளிக்க இடமில்லை. "நேரம் முடியப்போகிறது என்றால் இப்போது முன்கூட்டியே டிஸ்பாட்சருக்கு எழுத்தில் அறிவிக்கிறேன், நிறுத்தும் இடத்தைக் காலையிலேயே பார்த்து வைக்கிறேன்" என்று நீங்கள் உண்மையாகச் செய்வதைச் சொன்னால், கேட்பவருக்கு அந்தப் பழைய டிக்கெட்டின் பயம் பாதி குறையும். இன்னொன்று: இனி ஒரு டிக்கெட் வந்தால் தொல்லை விட்டது என்று உடனே காசு கட்டிவிடாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகவே ஏறும். 15 நாள் இருக்கிறது, அதற்குள் அரச வழக்குரைஞரைச் சந்திக்கவோ விசாரணைக்கோ கேட்கலாம்.

உண்மையைச் சொன்னால், உங்கள் இரண்டு கறைகளையும்விட எனக்குக் கவலை தருவது இப்போது இருக்கும் இடம்தான். ட்ரக் அவர்களுடையது, லோட் அவர்களுடையது, எப்போது எங்கே போவது என்று சொல்வதும் அவர்கள். நீங்கள் அங்கே வேலையாள், ஆனால் பேப்பரில் ஒரு கோப்பரேஷன். இங்கே இதை டிரைவர் இங்க் (Driver Inc.) என்பார்கள். கொம்பனி உங்களுக்காக சி.பி.பி (ஓய்வூதியம்) கட்டவில்லை, ஈ.ஐ (வேலையிழப்புக் காப்புறுதி) கட்டவில்லை, ரி-4 (வருடச் சம்பள வரிப் பத்திரம்) இல்லை. உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது இதுதான்: நாளைக்கு இன்சூரன்ஸ் உங்கள் அனுபவத்தை உறுதிப்படுத்தக் கேட்கும்போது, "அவர் எங்களிடம் வேலை செய்யவில்லை, ஒரு கொன்ட்ராக்டர்" என்று சொல்லிவிட்டால் ஓடிய மாதங்கள் அத்தனையும் கணக்கில் இல்லாமல் போகும். கறையை மறைக்கும் அளவுக்கு நல்ல மாதங்கள் வேண்டும் என்று பாடுபடும் ஆளுக்கு இதைவிட நட்டம் வேறில்லை.

எல்லை தாண்டி ஓடும் கொம்பனிகள் வேலையாளைக் கொன்ட்ராக்டராகக் காட்டுவதை கனடா தொழிற்சட்டம் 2021இலிருந்து தடை செய்கிறது. நீங்கள் முறையிட்டால், வேலையாள் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர்கள்தான். தராத சம்பளத்துக்கு முறையிட 6 மாதக் கால எல்லை உண்டு, அதைத் தாண்ட விடாதீர்கள். சண்டைக்குப் போவதா இல்லையா என்பது உங்கள் முடிவு. முதலில், உறவு நன்றாக இருக்கும்போதே கொம்பனியின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்குங்கள்: எந்த தேதியிலிருந்து ஓடுகிறீர்கள், என்ன வகை ட்ரக்கும் ட்ரெய்லரும், எந்தப் பாதைகள், மோதல் ஏதும் உண்டா. மின்னணு லொக்கின் பிரதியை மாதாமாதம் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். கடிதம் கிடைக்காவிட்டால் அதுதான் சாட்சி.

எங்கே விண்ணப்பிப்பது? பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளின் சொந்த ட்ரக்குகளை எல்லோரும்போல நீங்களும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அதை இப்போதைக்கு விடுங்கள். பதிவு சுத்தமாக உள்ளவர்களே அங்கே வரிசையில் நிற்கிறார்கள். உங்கள் நிலையில் நான் முதலில் தேடுவது ஷண்ட் வேலை. பிரம்டன், மிசிசாகா, மில்டன் பக்கத்து களஞ்சியங்களில் நாள் முழுக்க யார்டுக்குள்ளேயே ட்ரெய்லர் மாற்றுவார்கள். பெயருக்கு அது ஒரு படி இறக்கம் போலத் தெரியும். ஆனால் நெடுந்தூரம் ஓடுபவர் வாரம் முழுக்க எடுக்கும் டொக்குகளை ஷண்ட் டிரைவர் ஒரே ஷிஃப்டில் எடுத்துவிடுவார். டொக்கில் இடித்து வேலை போன ஆள் ஒரு வருடம் ஷண்ட் ஓடி ஒரு கீறலும் இல்லை என்று கடிதம் கொண்டுவந்தால், அந்த இடியைப் பற்றி அதற்கு மேல் யாரும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். சம்பளம் மணிக்கணக்கில், இரவு வீட்டில் படுக்கை. ஷண்ட் கிடைக்காவிட்டால், பயிற்சியாளரோடு சில வாரம் ஓடவிட்டு எடுக்கும் பெரிய கொம்பனிகளைப் பாருங்கள். மெல்ட் என்ற கட்டாய ஆரம்பப் பயிற்சியின் 103.5 மணி நேரம் லைசென்ஸுக்குப் போதும், கை பழக அது போதாது என்று அவர்களுக்கே தெரியும். சி.என் ரயில் கொம்பனியின் பிரம்டன் முனையத்தில் கொன்டெய்னர் இழுப்பதும் உண்டு, காத்திருக்கும் நேரத்துக்குக் காசு தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

அவர்கள் உங்களைப் பார்ப்பதுபோல நீங்களும் அவர்களைப் பாருங்கள். கொம்பனியின் சி.வி.ஓ.ஆர் பாதுகாப்புத் தரம் என்ன என்று பார்க்கலாம், 'கண்டிஷனல்' (நிபந்தனைக்கு உட்பட்டது) என்று இருந்தால் தள்ளியே நில்லுங்கள். அமெரிக்காவுக்கு ஓடும் கொம்பனி என்றால் சேஃபர் என்ற அமெரிக்க அரசுத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ரி-4 தருவீர்களா, ட்ரக்குக்கு ஏதும் நடந்தால் டிரைவரிடம் காசு பிடிப்பீர்களா என்ற இரண்டையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தடுமாறினால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

கிடைத்த இடத்தில் ஒரு வருடமாவது இருங்கள் தம்பி. மைலுக்கு ஒன்றிரண்டு சதம் கூட என்று யாராவது கூப்பிடுவார்கள். மூன்று கொம்பனி மாறியதைப் பற்றி நீங்கள் சொல்லும் விளக்கத்தைவிட, நான்காவது இடத்தில் நின்றதுதான் அடுத்த சேஃப்டி மனேஜரின் கண்ணில் படும்.

இப்போது இருக்கும் இடத்தை உடனே விட்டுவிடாதீர்கள். புதிய இடம் கொடுத்த வேலைக் கடிதமும், இன்சூரன்ஸ் ஒத்துக்கொண்டது என்ற பதிலும் கையில் வந்த பிறகு, இரண்டு வார நோட்டீஸை மின்னஞ்சலில் கொடுங்கள். என்ன கோபம் வந்தாலும் ஓட்டத்தின் நடுவில் ட்ரக்கை எங்கேயாவது நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள், டொக்கில் இடித்ததைவிட அது பெரிய கறை. கடைசி நாள் ட்ரக்கை யார்டில் விட்டதும் நான்கு பக்கமும் படம் எடுங்கள். சாவி, எரிபொருள் கார்ட், லொக் டப்லெட் எல்லாவற்றையும் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.