வாசகர் கேள்வி பதில்: ஜனம் இருந்தும் வண்டி வராத இடம்

கேள்வி: முன்னாடி இருந்த தெருவுல ஆப்பைத் தொறந்தா ரெண்டு நிமிஷத்துல கேப் வந்துடும். இப்ப ஊரோட ஓரத்துல ஒரு பெரிய அபார்ட்மெண்ட்டுக்கு வந்துட்டோம், நூத்துக்கணக்குல குடும்பம் இருக்கு, ஆனா வண்டி கிடைக்கவே மாட்டேங்குது. ஆள் இருந்தா டிமாண்ட் இருக்கணும்தானே?

பதில்: ஆள் இருந்தா மட்டும் போதாதுங்க, நாள் பூரா யாராவது எங்கயாவது கிளம்பிக்கிட்டே இருக்கணும். உங்க அபார்ட்மெண்ட்ல காலையில எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே பக்கம் கிளம்புவாங்க, சாயங்காலம் ஒண்ணா திரும்புவாங்க, நடுவுல கேட்டே தூங்கும், டிரைவர் உங்களை ஏத்த எங்கிருந்தோ காலியா வரணும், இறக்கிட்டு காலியா திரும்பணும், பெட்ரோல் யாரு போடுறது? பழைய தெருவுல வீடு, ஆபீஸ், கடை, கிளினிக் எல்லாம் கலந்து கிடந்திருக்கும், ஒருத்தர் இறங்குன இடத்துலயே அடுத்தவர் ஏறுவார். கார் நிறுத்த இடமும் இருந்திருக்காது, அதனால சொந்த கார் வச்சிருக்கவங்களே வண்டி புக் பண்ணிடுவாங்க.

1997-லயே செர்வெரோ, கோக்கல்மன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு இடம் நம்ம பயணத்தை எப்படி மாத்துதுன்னு மூணு விஷயத்தை வச்சு சொன்னாங்க: அடர்த்தி (ஆளுங்க எவ்வளவு நெருக்கமா இருக்காங்க), கலப்பு (வீடு, கடை, ஆபீஸ் கலந்து இருக்கா), தெருவோட அமைப்பு. அப்ப இந்த ஆப் எல்லாம் கிடையாது, ஆனா அப்படியே பொருந்துது பாருங்க. உங்ககிட்ட முதல் விஷயம் மட்டும்தான் இருக்கு. மூணாவதுக்கு ஒரு டெஸ்ட்: லொகேஷன் போட்டா வண்டி பின்பக்க காம்பவுண்ட் சுவர்கிட்ட வந்து நின்னு "சார் கேட் எங்க"ன்னு போன் வருதா? வருதுன்னா தெரு அமைப்பு சரியில்லன்னு அர்த்தம். அங்க சுத்துற அஞ்சு நிமிஷத்தை டிரைவர் மறக்க மாட்டார், அடுத்த தடவை கேன்சல்தான்.

இதுல ஒரு கோளாறு வேற இருக்கு. நீங்க தேடிப் பாத்துட்டு வெறுத்துப்போய் ஆப்பை மூடினா அது எந்த ட்ரிப் கணக்குலயும் ஏறாது, ட்ரிப் டேட்டாவை மட்டும் பாக்குறவன் "இங்க யாரும் கேக்கலையே"ன்னு எழுதிட்டுப் போயிடுவான்.

கேள்வி: மெட்ரோ வந்தா கேப் டிமாண்ட் குறையுமா?

பதில்: அப்படித்தான் நானும் நினைச்சேன். ஆனா அமெரிக்காவோட சான் பிரான்சிஸ்கோவுல 2016 கடைசியில எடுத்த கணக்குப்படி, சாதாரண வேலை நாள்ல ஊருக்குள்ளயே ஆப் கேப்ல சுமார் 1,70,000 ட்ரிப், அதுலயும் அதிகம் பஸ்ஸும் ரயிலும் நல்லா ஓடுற டவுன்டவுன் பக்கம்தான். ரயில் நல்லா இருக்குற இடத்துல ஆபீஸும் ராத்திரி கூட்டமும் சேர்ந்தே இருக்கும், கடைசி ரயில் போனப்புறம் அவங்க எல்லாம் எதுல வீட்டுக்குப் போவாங்க?

ஓரத்துல கதை வேற, அங்க ஸ்டேஷனுக்குப் போறதுக்கே வண்டி வேணும். மேப்ல 600 மீட்டர்னு காட்டும், நேர்ல போனா நடுவுல எட்டு லேன் ரோடு, தாண்ட வழியில்ல, நடைபாதையும் இல்ல. அந்த 600 மீட்டருக்கு புக் பண்றவங்களை சோம்பேறின்னு திட்டாதீங்க.